குளிர்ல பேட்டரி படுத்துச்சுன்னா வெயிலைத்தான் கேக்கணும்

தம்பி கேட்டிருக்குறது இதுதான். மதுரையில இருந்து பொலேரோல குடும்பத்தோட டிசம்பர் கடைசியில கொடைக்கானல் பக்கத்துல இருக்குற மன்னவனூர்ல தெரிஞ்சவங்க தோட்டத்துல டென்ட் போட்டு 2 ராத்திரி தங்கப் போறாங்க, போன வருஷம் போனப்போ காலையில செல்ஃப் எடுக்காம தோட்டத்து ஆளுங்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாப்போச்சு, இந்தத் தடவை சின்ன ஃப்ரிட்ஜ், லைட்டு, 4 போன், அப்பாவுக்கு நெபுலைசர் எல்லாம் ஓடணும், அதுக்கு ரெண்டாவது பேட்டரி வைக்கணுமா, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே தூக்கிட்டுப் போகலாமா, லித்தியம் குளிர் தாங்குமா, ராத்திரி பேட்டரிக்குப் போர்வை கீர்வை போத்தணுமா. அடுத்த வருஷம் லடாக் போற ஐடியாவும் இருக்காம். ஒண்ணொண்ணா வருவோம், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு விஷயம். கொடைக்கானல் குளிர் உங்க பேட்டரியைக் கெடுக்கல, அது ஏற்கனவே கெட்டுப்போய்த்தான் மலை ஏறியிருக்கு. பேட்டரியைத் தின்னது மதுரை வெயிலு. லெட் ஆசிட் பேட்டரிக்குள்ள நடக்குறது கெமிக்கல் வேலை, சூடு 10 டிகிரி கூடினா அந்த வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும், அரிமானமும் அதே மாதிரி ரெண்டு மடங்கு. சித்திரை வைகாசியில நம்ம ஊர்ல வெளியிலயே 40 டிகிரி, பானெட்டுக்குள்ள எம்புட்டு இருக்கும்னு நீங்களே யோசிங்க. தண்ணி ஆவியாகும், பாசிட்டிவ் பிளேட்டோட கம்பி அரிச்சு மெலியும், பிளேட்டுல இருக்குற பவுடர் உதிர்ந்து அடியில தங்கும். ஆனா வெளிய ஒண்ணும் தெரியாது, ஏன்னா 35 டிகிரியில எஞ்சின் சும்மா தொட்டாலே எடுத்துக்கும், பாதி பேட்டரி இருந்தாலே போதும். காளவாசல்ல இருந்து மாட்டுத்தாவணிக்கு ஓட்டுற வரைக்கும் பேட்டரி நல்லாத்தான் இருக்குற மாதிரி தெரியும்.

மேல போனா கணக்கே வேற. பேட்டரிக்காரங்க ரொம்ப நாளா வச்சிருக்குற அட்டவணை ஒண்ணு இருக்கு, 27 டிகிரியில பேட்டரி குடுக்குற இழுவை 100ன்னா 0 டிகிரியில அது 65 பக்கம் வந்துரும், மைனஸ் 18ல 40தான். இது நல்ல பேட்டரிக்குச் சொல்றது. அதே 0 டிகிரியில ஆயில் கெட்டியாகி எஞ்சினைச் சுத்துறதுக்கு ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு பலம் வேணும். குடுக்குறது குறையுது, கேக்குறது கூடுது, ரெண்டும் ஒரே நேரத்துல. மதுரையிலயே பாதி உசுரோட ஓடிக்கிட்டிருந்த பேட்டரி அங்க என்ன பண்ணும், டக் டக்னு ரிலே சத்தம் மட்டும்தான் வரும், மீட்டர் போர்டு லைட்டு மங்கி அணையும்.

அதனால ரெண்டாவது பேட்டரி, லித்தியம், டிசி சார்ஜர் இதையெல்லாம் யோசிக்கிறதுக்கு முன்னாடி வண்டியில இருக்குற மெயின் பேட்டரியை மதுரையிலயே சோதிச்சுருங்க, போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஒரு சாதா மல்டிமீட்டர் போதும். ராத்திரி வண்டியை நிறுத்திட்டு காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி டெர்மினல்ல வச்சுப் பாருங்க. ஓட்டிட்டு வந்து உடனே பாத்தா மேலாப்புல நிக்கிற சார்ஜ்னால கூடுதலா காட்டி ஏமாத்தும். 12.6, 12.7 வோல்ட் இருந்தா ஃபுல். 12.2ன்னா பாதிதான். 12க்குக் கீழனா காலி பக்கம். அடுத்து மீட்டரை வச்சபடியே ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அந்த ரெண்டு மூணு செகண்ட்ல எது வரைக்கும் கீழ இறங்குதுன்னு பாருங்க. 10 வோல்ட்டுக்கு மேலயே நின்னா நல்லா இருக்கு. 9.6க்குக் கீழ போச்சுன்னா அந்தப் பேட்டரியோட மலை ஏறாதீங்க. காலையில 12.6 காட்டுச்சு, செல்ஃப் அடிச்சா 9க்கு விழுதுன்னா சார்ஜ் பிரச்சினை இல்ல, பேட்டரியே தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம், எத்தனை ராத்திரி சார்ஜ்ல போட்டாலும் அது திரும்பாது.

மூடி திறக்குற பழைய டைப் பேட்டரின்னா ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்தியைக் காட்டுற மிதவைக் குழாய்) விட்டுப் பாக்குறது இன்னும் சுத்தம். ஆறு செல்லு இருக்கும். அஞ்சுல 1.250, 1.260ன்னு மிதவை நிக்கும், ஒண்ணுல மட்டும் 1.180க்கு முங்கிப்போயிரும். அந்த ஒரு செல்லுதான் காலையில உங்களைத் தள்ள வைக்கிறது. வோல்ட் மீட்டர்ல பாத்தா இது சட்டுனு பிடிபடாது, மொத்தமா 12.4 காட்டிட்டு சாதுவா உக்காந்திருக்கும். தண்ணி குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், பிளேட்டு முங்கி கொஞ்சம் மேல வரைக்கும். ஆசிட் ஊத்தினா பவர் ஏறும்னு சில பேர் ஊத்திவிடுவாங்க, ஊத்த விடாதீங்க, தண்ணிதான் ஆவியாகிப் போயிருக்கு, ஆசிட் உள்ளதான் இருக்கு.

டெர்மினலை மறக்கக்கூடாது. எத்தனையோ வண்டியில பேட்டரி நல்லா இருக்கும், கிளாம்ப்ல வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்துக் கிடக்கும், கையால பிடிச்சுத் திருகினாலே சுத்தும். 200, 300 ஆம்பியர் அந்த வழியாத்தான் போகணும், எப்படிப் போகும். மொதல்ல நெகட்டிவைக் கழட்டுங்க, அப்புறம் பாசிட்டிவ், சுடுதண்ணியில சோடா உப்பு கலந்து ஊத்தினா நுரைச்சுக்கிட்டுப் போயிரும், காஞ்சதும் எமரி பேப்பர் போட்டுத் தேச்சு டைட் வச்சுட்டு மேல வேசலின் தடவுங்க. மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசியில. எஞ்சின்ல இருந்து சேஸிஸுக்குப் போற எர்த் பட்டையையும் பாருங்க, அது துருப்பிடிச்சிருந்தா மேல எத்தனை செலவு பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

புது பேட்டரி வாங்குறதா இருந்தா கம்பெனி பேர் எதுவா வேணாலும் இருக்கட்டும், அமரானோ எக்ஸைடோ, அதுல பெரிய சண்டை வேணாம், ஆனா தயாரிச்ச மாசத்தைக் கேட்டு வாங்குங்க. கடை ஷெல்ஃப்லயே வெயில்ல 8 மாசம் கிடந்த பேட்டரி சும்மா இருந்தே இறங்கி பிளேட்டுல சல்ஃபேட் பிடிச்சிருக்கும். டீசல் வண்டிக்கு ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியில எம்புட்டு கரண்ட் அடங்கும்ங்குற அளவு) மட்டும் பாக்காம சிசிஏ நம்பரையும் பாருங்க, மைனஸ் 18 டிகிரியில 30 செகண்டுக்கு எத்தனை ஆம்பியர் குடுக்கும்ங்குற அளவு அது. வண்டி கம்பெனி குடுத்த புத்தகத்துல போட்டதுக்குக் குறையாம இருந்தா போதும். சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுற வண்டின்னா அதுக்குன்னு வர்ற இஎஃப்பி (அடிக்கடி ஸ்டார்ட் பண்றதைத் தாங்குற லெட் ஆசிட்), இல்ல ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சுல ஊற வச்ச, தண்ணி ஊத்தத் தேவையில்லாத லெட் ஆசிட்) தான் போடணும், சாதா பேட்டரி போட்டா சீக்கிரமே படுத்துரும்.

இப்ப வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. வேணாம் தம்பி. அந்த ட்யூப்லர் பேட்டரி 150 ஏஹெச்ன்னா 50 கிலோவுக்கு மேல கனம், வீட்டு மூலையில அசையாம நிக்கிறதுக்குச் செஞ்சது. வத்தலக்குண்டு தாண்டி அந்தக் கொண்டை ஊசி வளைவுல அது சாஞ்சு ஆசிட் கொட்டிச்சுன்னா சீட்டு, கார்பெட், ஆளு ஒண்ணும் மிச்சமில்ல. அதோட சார்ஜ் ஆகுறப்ப ஹைட்ரஜன் விடும், கதவு சாத்தின வண்டிக்குள்ள அது சேந்து ஒரு பொறி பட்டா போதும். தண்ணி ஊத்துற பேட்டரி எதுவுமே ஆள் தூங்குற இடத்துக்குள்ள வேணாம். உள்ள வைக்கிறதா இருந்தா சீல் போட்ட ஏஜிஎம், இல்ல லித்தியம், அம்புட்டுதான்.

எத்தனை ஏஹெச் வேணும்ங்குறதைக் கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க. சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடுறப்ப 45 வாட் மாதிரி இழுக்கும், ஆனா குளிர்ல அது ஓடுறதே கொஞ்ச நேரம்தான், ஒரு நாளைக்கு 250 வாட் ஹவர் வைங்க. எல்இடி பட்டை 10 வாட் 6 மணி நேரம், 60. போன் நாலுக்கும் 70. நெபுலைசர் 230 வோல்ட்ல ஓடுறது, 100, 150 வாட் இருக்கும், ஒரு தடவைக்கு 10 நிமிஷம், ரெண்டு வேளைக்கு இன்வெர்ட்டர் தின்கிறதையும் சேத்து 60. மொத்தம் 440. 12ஆல வகுத்தா 37 ஏஹெச். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் ஒண்ணரை நாள், 55 ஏஹெச். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு போயிரும், குளிர்ல அந்தப் பாதியும் இன்னும் குறையும், அதுல 80 சதவீதம்தான் கிடைக்கும்னு வச்சுக்கங்க, 0.5ஐ 0.8ஆல பெருக்கினா 0.4. ஆக 55ஐ 0.4ஆல வகுத்தா 137. அதாவது வீட்டு இன்வெர்ட்டர் அளவுக்கே ஒரு பேட்டரி. ஃப்ரிட்ஜை எடுத்துட்டுக் கூட்டிப் பாருங்க, ஒரு நாளைக்கு 190 வாட் ஹவர், 16 ஏஹெச், ஒண்ணரை நாளைக்கு 24, 0.4ஆல வகுத்தா 60. பாத்தீங்களா.

டிசம்பர் கடைசியில மன்னவனூர்ல ராத்திரி வெளிய வச்ச பால் காலையில பல்லைக் கிட்டும், அங்க போய் பேட்டரி செலவழிச்சு ஃப்ரிட்ஜ் ஓட்டுறது எனக்கு என்னமோ சரியாப்படல. ஒரு தெர்மோகோல் டப்பாவுல ஐஸ் போட்டு மதுரையில இருந்து கறி, பால் எடுத்துட்டுப் போங்க, மேல போனதும் டப்பாவை ராத்திரி வெளியவும் பகல்ல நிழல்லயும் வச்சா ஐஸ் லேசுல கரையாது. நாய் நரி எட்டாத உயரத்துல வைங்க, அதுதான் அங்க உள்ள பிரச்சினை.

ஃப்ரிட்ஜ் வேணுமேன்னு வீட்டுல பிடிவாதம்னா 100 ஏஹெச் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) லித்தியம் பேட்டரி வாங்கிருங்க. 12 கிலோ பக்கம்தான் இருக்கும், அதே லெட் ஆசிட்னா அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல கனம். 80 சதவீதம் வரைக்கும் தாராளமா எடுக்கலாம். குளிர் தாங்குமான்னு கேட்டீங்க. குடுக்குறதுல குளிர் அதுக்குப் பெரிய விஷயமில்ல, மைனஸ் 20 வரைக்கும் குறைச்சலாவாவது குடுக்கும்னுதான் நிறைய கம்பெனிக்காரங்க போட்டிருப்பாங்க. பிரச்சினை சார்ஜ் ஏத்துறதுலதான். செல்லு 0 டிகிரிக்குக் கீழ இருக்குறப்ப சார்ஜ் ஏத்தினா லித்தியம் உள்ள போகாம கார்பன் மேலயே உலோகமா படிஞ்சுக்கும், அந்த சேதம் திரும்பாது, ஒரு தடவையில தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா கெபாசிட்டி போகும், மோசமாப்போனா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும். அதனால வாங்குறப்ப பிஎம்எஸ்ல (பேட்டரிக்குள்ள இருக்குற காவல் சர்க்யூட்) குளிர் வந்தா சார்ஜை நிறுத்துற வசதி இருக்கான்னு கேளுங்க, விலை கம்மியா கிடைக்கிறது சிலதுல அது இருக்காது. மன்னவனூர்ல புல்லு மேல உறைபனி விழுந்தாலும் டென்ட்ல படுக்காம வண்டிக்குள்ளயே ஆள் தூங்கினா மூச்சுச் சூட்டுல உள்ள 0க்குப் போறது கஷ்டம், அப்ப பேட்டரி சீட்டுக்கு அடியில இருந்தா கவலையில்ல. வெளிய கேரியர்ல டப்பாவுல கட்டி வச்சா கவலைப்படணும். காலையில குளிர்ந்து கிடக்குற லித்தியத்துக்கு எடுத்த எடுப்புல முழு கரண்ட் ஏத்தாம கொஞ்ச நேரம் குறைச்சு ஏத்துறது நல்லது.

பானெட்டுக்குள்ள மட்டும் லித்தியத்தை வைக்காதீங்க. குளிருக்காக சொல்லல, திரும்பி வந்து வாடிப்பட்டி தாண்டி நாலு வழிச்சாலையில வர்றப்ப அங்க அடிக்கிற சூட்டுக்காகச் சொல்றேன்.

ரெண்டு பேட்டரியையும் சேக்குறது எப்படி. நேரா பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் வயர் இழுத்து விட்டுட்டா ராத்திரி லைட்டு மெயின் பேட்டரியையும் சேத்துத் தின்னும், காலையில திரும்ப அதே தள்ளுவண்டி கதைதான். நடுவுல பிரிக்கிறதுக்கு ஒண்ணு வேணும். பழைய மாடல் வண்டின்னா வோல்டேஜ் பாத்துச் சேக்குற ரிலே போதும், 13.3 வோல்ட் வந்தா சேரும், 12.8க்கு இறங்கினா பிரிஞ்சுரும், செலவும் கம்மி. ஆனா அது லெட் ஆசிட்டும் லெட் ஆசிட்டும் சேரும்போதுதான். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகள்ல நிறைய மாடல்ல டைனமோவை கம்ப்யூட்டரே ஏத்தி இறக்கும், மெயின் பேட்டரி நிறைஞ்சதும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும், ரிலே பாட்டுக்குப் பிரிஞ்சுக்கும், நீங்க 4 மணி நேரம் ஓட்டியும் பின்னாடி பேட்டரி பாதியிலயே நிக்கும். அங்க டிசி டு டிசி சார்ஜர் (டைனமோ கரண்டை பின்னாடி பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜுக்கு மாத்திக் குடுக்குற பெட்டி) தான் போடணும், லித்தியம்னா எந்த வண்டியா இருந்தாலும் அதுதான். ஏன்னா லித்தியம் காலியா இருந்தா கிடைக்கிற கரண்டை எல்லாம் குடிக்கும், டைனமோ சூடேறிக் கருகும், சார்ஜர் இருந்தா 20, 30 ஆம்பியர்லயே நிறுத்திக்கும்.

இன்னொண்ணு. மெயின் பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்ல சின்னதா ஒரு சென்சார் உக்காந்திருந்தா, சார்ஜரோட எர்த்தை பேட்டரி போஸ்ட்ல மாட்டாம சேஸிஸ்ல மாட்டுங்க. போஸ்ட்ல மாட்டினா அந்தக் கரண்ட் சென்சார் கணக்குல வராது, வண்டி கம்ப்யூட்டர் தப்புக் கணக்கு போட்டு சார்ஜையே குறைக்கும். நிறைய எலக்ட்ரீஷியன் இதைக் கவனிக்கிறதில்ல, நீங்களே நின்னு பாத்துக்கங்க.

வயர்லதான் நம்ம ஆளுங்க கஞ்சத்தனம் காட்டுவாங்க. கணக்கு சொல்றேன், முன்னாடி இருந்து பின்னாடி 5 மீட்டர், போக வர 10 மீட்டர், 25 ஆம்பியர் போகுதுன்னா 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர்ல 0.7 வோல்ட் வழியிலயே காலி. 16 ஸ்கொயர் போட்டா 0.27தான். டைனமோ 14.2 குடுத்தா 13.5தான் போய்ச் சேருதுன்னா பேட்டரி எந்த ஜென்மத்துல நிறையும். வீட்டு வயரிங்ல மிச்சமான வயரைத் தூக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க, அதிர்வுல உடையாத பல இழை செம்பு வயர் வாங்கி, லக்கை முறையா அமுக்கி, மேல சுருங்குற ஸ்லீவ் போடுங்க. ஃபியூஸ் ரெண்டு பக்கமும் வேணும், ஒவ்வொரு பேட்டரி பாசிட்டிவ்ல இருந்தும் ஒரு சாணுக்குள்ள. ரெண்டு முனையிலயும் பேட்டரி இருக்குறதால நடுவுல வயர் தேஞ்சு பாடியில பட்டா ரெண்டு பக்கத்துல இருந்தும் கரண்ட் பாயும், ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டா பாதி பாதுகாப்புதான். தீ பிடிச்ச வண்டிகளோட கதையைக் கேட்டா சிலது இந்த வயர்லதான் போய் நிக்கும்.

நெபுலைசருக்கு சின்ன ப்யூர் சைன் இன்வெர்ட்டர் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா குடுக்குறது) 300 வாட் போதும், மாடிஃபைடு சைன்ல அந்த கம்ப்ரசர் மோட்டார் உறுமும், சூடேறும். அப்பா விஷயம்ங்குறதால சொல்றேன், பேட்டரிலயே ஓடுற கையடக்க மெஷ் நெபுலைசர் ஒண்ணு கிடைக்குது, டாக்டர்கிட்ட அந்த மருந்து அதுல போடலாமான்னு கேட்டுட்டு ஒண்ணு கையில வச்சுக்கிட்டா இந்தப் பேட்டரி எல்லாமே படுத்தாலும் அவருக்குப் பிரச்சினை இல்ல. கெட்டிலை மட்டும் இன்வெர்ட்டர்ல மாட்டாதீங்க. 1000 வாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியில இருந்து 90, 100 ஆம்பியர் இழுக்கும், லெட் ஆசிட்ல வேகமா இழுத்தா கெபாசிட்டியே சுருங்கும், குளிர்ல இன்னும் மோசம், ரெண்டு டீக்கே பேட்டரி நல்லா இறங்கிரும். கேஸ் அடுப்புல வைங்க, வெளிய வச்சு. வண்டிக்குள்ளயோ டென்டுக்குள்ளயோ அடுப்போ கரி சட்டியோ வேண்டவே வேண்டாம், கண்ணாடி ஏத்திட்டு எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர்ல தூங்குறதும் வேணாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்க எந்திரிக்க மாட்டாங்க.

ராத்திரி பாதுகாப்புக்கு வருவோம். வண்டியை எங்க நிறுத்துறீங்கங்குறது போர்வையை விட முக்கியம். குளிர்ந்த காத்து கனமானது, பள்ளத்துலதான் வந்து தேங்கும், உறைபனி விழுறதும் அங்கதான். ஏரிக்கரைப் பள்ளத்துல புல்லு வெள்ளையா இருக்கும், கொஞ்சம் மேல சரிவுல மரத்தடியில ஈரம் மட்டும்தான் இருக்கும், ரெண்டுக்கும் சில டிகிரி வித்தியாசம். தோட்டத்துல மேட்டுப் பக்கமா, காலை வெயில் பானெட்டுல விழுற மாதிரி கிழக்கப் பாத்து நிறுத்துங்க, முன்னாடி இறக்கம் இருந்தா இன்னும் நல்லது, கடைசி வழியா உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம். சாயங்காலம் கடைசியா நிறுத்துறப்ப எஞ்சின் சூடா இருக்கும், பானெட்டு மேல பழைய கம்பளி போத்தினா அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிக்கும், பிரயோஜனம் இருக்கு ஆனா ரொம்ப எதிர்பாக்காதீங்க, விடியக்காலைக்குள்ள எல்லாம் ஆறிரும். போத்தினா காலையில எடுத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், எலி வேற குடியிருக்கான்னு பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பாத்துருங்க. பேட்டரி மேல சுடுதண்ணி ஊத்துற வேலை வேணாம். சிமென்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கும்னு ஒரு பேச்சு ஊர்ல உண்டு, இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

போர்வையை விட நான் பெருசா நினைக்கிறது தெரியாம இறங்குற கரண்ட்தான். டேஷ்கேம்ல பார்க்கிங் மோட் ஆன்ல இருந்தா ராத்திரி 12 மணி நேரத்துல 4, 5 ஏஹெச் போகும், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப் வச்ச மியூசிக் சிஸ்டம், கதவு சரியா சாத்தாம எரியுற சீலிங் லைட்டு. வண்டி தூங்குறப்ப 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். நெகட்டிவ் வயரைக் கழட்டி மீட்டரை ஆம்பியர்ல நடுவுல வச்சு, கதவெல்லாம் சாத்தி, அரை மணி நேரம் கழிச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி பாத்தா ஈசியூ (வண்டி கம்ப்யூட்டர்) எல்லாம் முழிச்சிருக்கும். மீட்டர் நடுவுல இருக்குறப்ப சாவி போட்டு செல்ஃப் அடிச்சுராதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிரும். பவர் பேங்க், கேமரா பேட்டரி இதெல்லாம் ராத்திரி போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு தூங்குங்க.

காலையில ஸ்டார்ட் பண்றப்ப லைட்டு, ப்ளோவர், பாட்டு எல்லாம் ஆஃப். டீசல்னா சாவி போட்டு மீட்டர்ல அந்தச் சுருள் லைட்டு அணையுற வரைக்கும் பொறுங்க, ஹீட்டர் பிளக் சூடாகணும், மதுரையில அந்த லைட்டு கண்ணுக்கே படாம போயிரும், அங்க ஒழுங்கா எரியும். கிளட்ச்சை முழுசா மிதிச்சுக்கங்க, கியர்பாக்ஸ் ஆயிலையும் சேத்துச் சுத்துற பாரம் குறையும். 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, எடுக்கலைன்னா அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு அடிங்க. ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் போட்டா பேட்டரி சூடேறி எடுக்கும்னு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, தேஞ்ச பேட்டரிக்கு அதைப் பண்ணினா உள்ளதும் போச்சு. பேட்டரி சுத்தமா செத்துருந்தா காமன் ரயில் (கம்ப்யூட்டர் பாத்து டீசலைப் பீச்சுற எஞ்சின்) டீசல் வண்டி தள்ளினாலும் எடுக்காது, ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேணும்ல.

ஜம்ப் கேபிள் தடியா ஒரு செட் வண்டியில கிடக்கட்டும். சிவப்பை செத்த பேட்டரி பாசிட்டிவ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பாசிட்டிவ்ல, கருப்பை நல்ல பேட்டரி நெகட்டிவ்ல, கடைசி கருப்பு முனையை செத்த வண்டியோட எஞ்சின் இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. கழட்டுறது தலைகீழா. கடைசி முனையில பொறி வரும், அது பேட்டரிகிட்ட வந்தா ஹைட்ரஜன் பிடிச்சுக்கும், அதுக்குத்தான் தள்ளி மாட்டச் சொல்றது. ஸ்டார்ட் ஆயிருச்சேன்னு 10 நிமிஷம் ஐட்லிங் விட்டுட்டு ஆஃப் பண்ணாதீங்க, குளிர்ந்த லெட் ஆசிட் பேட்டரி சார்ஜை மெதுவாத்தான் வாங்கும், கொடைக்கானல் டவுன் வரைக்கும் 35 கிலோமீட்டர் போயிட்டு வாங்க. சனிக்கிழமை பூம்பாறைக்குச் சும்மா ஒரு எட்டு போயிட்டு வந்தா பின்னாடி பேட்டரி நிறைஞ்சுரும்னும் நம்பிறாதீங்க, பாதிகூட ஏறாது. சோலார் பேனல் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, மதுரை மொட்டை மாடியில 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 400 வாட் ஹவர் குடுக்கும், மேல மஞ்சு மூடிக் கிடந்தா அதுல கால்வாசி வந்தாலே அதிகம். இப்ப வேணாம்.

லடாக் வேற ஆட்டம். மன்னவனூருக்குச் சொன்னதுல பாதி அங்க பத்தாது. ஃபுல் சார்ஜ்ல இருக்குற லெட் ஆசிட் மைனஸ் 50க்கும் கீழ போனாத்தான் உறையும், ஆனா காலியான பேட்டரிக்குள்ள ஆசிட் தண்ணி மாதிரி ஆகிப்போயிருக்கும், மைனஸ் 7, 8லயே உறைஞ்சு பெட்டி வீங்கி வெடிச்சுரும். வீங்கின பேட்டரியை ஜம்ப் பண்ணவே கூடாது. குளிர்காலத்துல லே ராத்திரி மைனஸ் 15ஐத் தாண்டும், அங்க பேட்டரியைக் கழட்டி ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்குறது ஒண்ணும் அதிசயமில்ல, லித்தியம்னா ஹீட்டர் வச்ச மாடல்தான். நம்ம ஊர் டீசல் அந்தக் குளிர்ல மெழுகாகிக் ஃபில்டரை அடைக்கும், அதுக்குன்னே இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல மைனஸ் 33 வரைக்கும் ஓடுற குளிர்கால டீசலை லடாக்ல இறக்கினாங்க. ஜூன், ஜூலையில போறதா இருந்தா இதுல பாதி தேவையில்ல, எந்த மாசம்னு முடிவு பண்ணிட்டுக் கேளுங்க.

இப்போதைக்கு மன்னவனூருக்கு என் யோசனை, மெயின் பேட்டரியைச் சோதிச்சு தேவைன்னா மாத்திருங்க, ஃப்ரிட்ஜை வீட்டுல விட்டுட்டு 65 ஏஹெச் ஏஜிஎம் ஒண்ணைப் பின்னாடி பெட்டியில பெல்ட் போட்டுக் கட்டிருங்க, செலவு பாதியா முடிஞ்சுரும். கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ பாஸ் வேணும், கிளம்புற முன்னாடி எடுத்துக்கங்க. நாளைக்குக் காலையில வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கிறப்ப எத்தனைக்கு இறங்குது, வண்டி எந்த வருஷ மாடல், நெகட்டிவ் கிளாம்ப்ல அந்த சென்சார் இருக்கா இல்லையா, இந்த நாலையும் எழுதுங்க, ரிலேவா சார்ஜரான்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.